பத்தாவது ஆள்

1

நம்மூர் வாசகசாலைச் செயலாளர் போன மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். "நீ பெங்களூரில் சர்க்கார் கணக்கெடுப்பு ஆபீஸில் இருக்கிறாய். சுதந்திரம் வந்ததிலிருந்து நாட்டின் வருமானத்தில் தொழில்துறையின் பங்கு எப்படி ஏறிவருகிறது என்று நமது ஆண்டு மலருக்கு எழுது. நம் இளைஞர்களுக்கு ஊக்கமாக இருக்கும்." ஊக்கம் என்ற சொல்லுக்கு அடியில் கோடு வேறு போட்டிருந்தார்.

குடியாத்தம் பஸ் ஏறி, அங்கிருந்து ரயில் பிடித்து நான் இந்த ஊருக்கு வந்து, இந்தச் சித்திரையோடு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. செயலாளர் கேட்டிருப்பதை எழுத என்னைவிடத் தகுந்த ஆள் நம்மூரில் இல்லை என்பதும் உண்மைதான். ஏனென்றால் அந்தப் பங்கை நான் என் கையால் வரைந்திருக்கிறேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. இங்கே இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு பொருட்காட்சி நடந்தது. எங்கள் அலுவலகத்துக்கும் அதில் ஒரு கூடாரம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சூப்பிரண்டென்ட் என்னைக் கூப்பிட்டு, மூன்று பிளைவுட் பலகைகளையும் மூன்று டப்பா பெயிண்டையும் கொடுத்தார். ஒவ்வொரு பலகையிலும் ஒரு வட்டம். வட்டம்தான் நாட்டின் வருமானம். முதல் வட்டம் சுதந்திரம் வந்த புதிதில், இரண்டாவது, முதல் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தபோது, மூன்றாவது இப்போது. வேளாண்மைக்குப் பச்சை, தொழிலுக்குச் சிவப்பு, கடை, ரயில், உத்தியோகம் போன்றவற்றுக்கு மஞ்சள். கயிறு கட்டி வட்டம் போட்டு, கோணமானி வைத்துப் பிரித்து, மூன்று நாள் குனிந்தபடி வண்ணம் பூசினேன். மூன்று வட்டங்களிலும் பச்சைதான் பெரிது. ஆனால் சிவப்பு வட்டத்துக்கு வட்டம் கொஞ்சம் அகலமாகும். மூன்றாவது வட்டத்தில் சிவப்பை முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தபோது, பொய் சொல்வானேன், எனக்கு மார்பு விம்மியது. ஏரும் கூலியுமாக இருந்த குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான். நம் நாடு தொழில் நாடாகிறது என்பதை நானே எழுதி வைக்கிறேன் என்றால் பெருமை இருக்காதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் அண்ணியையும் குழந்தை கனகாவையும் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் முனுசாமியை உங்களில் பலருக்குத் தெரியும். நம்மூரில் ஏரிக்கரை மேட்டில் கபடி ஆடுவானே, அவன்தான். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடியே கூட்டத்தில் நடந்து வந்தான். இப்போதெல்லாம் வெளியே கிளம்பினால் அந்தக் கை பைக்குள் போய்விடுகிறது. அதில் இரண்டு விரல்கள் இல்லை.

என் பலகைகளுக்கு முன் நிறுத்தி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அண்ணன் படிக்காதவன், ஆனால் சொன்னால் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொள்வான். சிவப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செவப்பு பெரிசாயிட்டே போவுது. நல்லதுதான். இதுல நான் எங்கடா இருக்கேன்?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. செயலாளர் ஊக்கம் கேட்டார். என்னிடம் இருப்பது அந்தப் பதில்தான்.

2

அண்ணன் எனக்கு இரண்டு ஆண்டு முன்பே இங்கு வந்துவிட்டான். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும் வரை படித்தது அவன் உழைப்பில். ஜீவனஹள்ளியில் ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீடு. அதில் நாங்கள் நால்வர். காக்ஸ் டவுன் மார்க்கெட்டும் ரயில் பாதையும் நடக்கிற தூரம். கொஞ்சம் தள்ளிப் போனால் ரிச்சர்ட்ஸ் டவுன். அங்கே மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழர் வீடுகளில் பியானோ சத்தம் கேட்கும். எங்கள் தெருவில் கேட்பது சுத்தியல் சத்தம்.

காலையில் குழாயடியில் மூன்று பாஷையில் சண்டை நடக்கும். அண்ணிக்கு மூன்றும் வரும். கனகா கன்னடப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. நான் அலுவலகத்திலிருந்து வந்தால், "ஊட்டா ஆச்சா சித்தப்பா?" என்று கேட்பாள். சாப்பிட்டாயா என்று தமிழில் கேள் என்றால் வெட்கப்படுவாள். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது தன் தாத்தாவின் ஆடுகளைக் கன்னடத்தில்தான் எண்ணினாள். அப்பா சிரித்தார். பிறகு அதே ஆடுகளைத் தானே ஒருமுறை தமிழில் எண்ணினார். நானும் யோக்கியன் இல்லை. "ஆபீஸில் கெலசம் அதிகம்" என்று கடிதத்தில் எழுதிவிட்டேன். அப்பாவுக்குக் கடிதம் படித்துச் சொல்லும் வாத்தியார் அது என்ன வியாதி என்று திருப்பிக் கேட்டு எழுதினார். கெலசம் என்றால் இங்கே வேலை.

அண்ணனுக்கு வேலை எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில். முதலாளி பெயர் துரைராஜ். தகரக் கூரை, மின்சார மோட்டார், வரிசையாக பவர் பிரஸ்கள். பிரஸ் என்றால் அச்சகம் இல்லை. இரும்புத் தகட்டை அச்சின் மேல் வைத்து, காலால் மிதியை மிதித்தால், மேலிருந்து ஒரு இரும்புக்கட்டை 'டங்' என்று இறங்கித் தகட்டை வளைத்து வெட்டிவிடும். அப்படி அண்ணன் செய்தவை சுவிட்சுப் பெட்டிக்கான மூடிகள். அவை லாரியில் ஏறி ஒரு பெரிய ஆலைக்குப் போகும். அங்கே முழுப் பெட்டியாகி, அந்த ஆலையின் பெயரோடு இந்தியா முழுக்கப் போகும். நம்மூர் வாசகசாலைக்கு மின்சாரம் வந்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். அதன் சுவிட்சுப் பெட்டி மூடியை யார் செய்தது என்று யாருக்குத் தெரியும்?

3

இங்கே சிறு ஷெட்டுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லித்தருவது மிஷினை அல்ல, இதைத்தான்.

மின்சாரத்தில் மிஷின் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் சட்டப்படி அது தொழிற்சாலை. தொழிற்சாலை என்றால் இன்ஸ்பெக்டர் வருவார். மிஷினுக்குத் தடுப்பு மாட்டு என்பார், வேலை நேரம் பார்ப்பார், அடிபட்டால் முதலாளி பதில் சொல்ல வேண்டும். ஒன்பது பேர் என்றால் சட்டம் வாசலிலேயே நின்றுவிடும். அதனால் ஷெட்டுகளில் எப்போதும் ஒன்பது பேர்தான். பதினெட்டுப் பேர் வேலை செய்தாலும் ஒன்பது பேர்தான். சர்க்கார் ஆள் வருவதாகத் தெரிந்தால் காவல்காரர் தகரக் கதவை மூன்று தட்டுத் தட்டுவார். உள்ளே இருப்பவர்களில் ஒன்பது பேர் பின்வாசல் வழியாக எதிர்ச் சந்தின் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு டீயும் பன்னும் முதலாளி செலவு. யார் உள்ளே, யார் வெளியே என்று முன்பே பிரித்து வைத்திருப்பார்கள். வெளியே போகிறவர்களுக்கு "டீ பார்ட்டி" என்று பெயர். இதை எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்வார்கள். எனக்குப் பொறுக்காதது அதுதான். தன்னை இல்லை என்று சொல்ல ஒரு பன் வாங்கித் தின்றுவிட்டுச் சிரிக்கிறார்கள்.

அண்ணன் டீ பார்ட்டி.

போன ஆண்டு எங்கள் அலுவலகம் நகரத்தின் சிறு தொழில்களைக் கணக்கெடுத்தது. எந்தத் தெரு யாருக்கு என்று பிரித்தபோது ஜீவனஹள்ளி எனக்கு விழுந்தது. அங்கேயே இருக்கிறவன், பாஷை தெரிந்தவன் என்று சூப்பிரண்டென்ட் மெச்சிக்கொண்டே கொடுத்தார். கணக்கெடுப்புப் பாரமும் அட்டையும் எடுத்துக்கொண்டு துரைராஜ் ஷெட்டுக்குப் போனேன். மூன்று தட்டு கேட்டது. நான் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டே பல தடவை கேட்ட சத்தம் அது.

உள்ளே போனால் ஒன்பது பேர். ஓடிக்கொண்டிருந்த மிஷின்களில் பாதிக்கு ஆள் இல்லை. துரைராஜ் என்னை வழக்கமாக "தம்பி" என்பார். அன்று "சார்" என்றார், நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார். பின்வாசல் திறந்திருந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் அண்ணன் கையில் கிளாசோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். தலையை லேசாக ஆட்டினான். எழுதிக்கொள் என்று அர்த்தம்.

விதிப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: போகிற நாளில், அந்த இடத்தில், வேலையில் இருப்பவர்களை எண்ண வேண்டும். அந்த இடத்தில் வேலையில் இருந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாரத்தின் இரண்டாம் பிரதியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் கேட்டேன், ஏன் இப்படி என்று. "பத்துன்னு நீ போட்டா, நாளைக்கே அந்தாளு ஒம்போது பேர நிறுத்திடுவான். அதுல நான்தான் மொதல் ஆளு. பேஜாரு பண்ணாம வுடுடா" என்றான். நான் விட்டுவிட்டேன். விதிப்படி எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதிப்படி என்ற சொல் எவ்வளவு வசதியானது. அதன் மேல் தலை வைத்துத் தூங்கக்கூட முடிகிறது.

4

நாலு மாதங்களுக்கு முன், பட்டப்பகலில், அண்ணனின் பிரஸ் ஒரு மிதிக்கு இரண்டு அடி அடித்தது.

மிதித்தால் ஒரு முறைதான் இறங்க வேண்டும். உள்ளே ஒரு ஸ்பிரிங் உண்டு. அது தளர்ந்துபோனால், கட்டை மேலே போய்விட்டுத் தானாக மறுபடி இறங்கும். ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று பதினைந்து நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்களாம். ஒரு தடுப்புக் கம்பி இருந்திருந்தால் கை உள்ளே போயிருக்காது. தொழிற்சாலை என்றால்தானே தடுப்பு? அது ஒன்பது பேர் இடம்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அவனோடு வேலை செய்தவர்கள் சைக்கிளில் உட்காரவைத்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எங்கே அடிபட்டது என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் "வூட்ல" என்று சொல்லியிருக்கிறான். அந்த நிலையிலும், ரத்தம் சொட்டச் சொட்ட, வழக்கத்தை மறக்கவில்லை.

நானும் அண்ணியும் துரைராஜைப் பார்க்கப் போனோம். நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. முனுசாமி ஆறு வருடமாக இங்கே வேலை செய்கிறான், வேலையில் அடிபட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அது இருந்தால் சட்டப்படி நஷ்ட ஈட்டுக்கு மனுப்போடலாம், அதைவிட முக்கியம், ஆறிய பிறகு அவனுக்கு ஏற்ற வேறு வேலையை உரிமையோடு கேட்கலாம். துரைராஜ் மரியாதையாகவே பேசினார். முனுசாமி நல்லவர், தெரிந்தவர், அடிக்கடி வந்து போவார், அன்று தானாக மிஷினைத் தொட்டுவிட்டார் என்றார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"என் ஆளுங்க ஒம்போது பேரு. அதுல முனுசாமி இல்ல. நான் சொல்லல, சர்க்கார் சொல்லுது. கையெழுத்து யாருதுன்னு பாருங்க, தம்பி."

என்னுடையது. நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்லும் கையெழுத்து.

அண்ணி வீடு வரை எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில் நின்று ஒன்று மட்டும் கேட்டாள்.

"ஒம்போதுன்னு எழுதின கைதான தம்பி? பதினெட்டுன்னு எழுதினா வலிக்குமா?"

5

இந்த இடத்தில்தான் பொருட்காட்சி வந்தது, அண்ணனின் கேள்வியும் வந்தது. அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன்.

அண்ணன் சிவப்பில் இல்லை. அவன் செய்த மூடிகள் சிவப்பில் இருக்கின்றன. பெரிய ஆலை விற்ற ஒவ்வொரு சுவிட்சுப் பெட்டியும் மதிப்புப் போட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுகிறது. மூன்றாவது வட்டத்தில் சிவப்பு அகலமானதில் அண்ணன் கைக்கும் ஒரு மயிரிழைப் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கைக்குச் சொந்தக்காரன்? துரைராஜ் ஷெட்டில் ஒன்பது பேர், அவன் இல்லை. அப்படியானால் நாட்டில் எங்கே இருக்கிறான்? அதையும் கண்டுபிடித்தேன். அவன் பச்சையில் இருக்கிறான்.

அறுபத்தொன்றில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்களே, அப்போது நம்மூரில் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அப்பா என்ன செய்தார் தெரியுமா? மூத்தவன் முனுசாமி வீட்டில்தான் இருக்கிறான், வயலில் கூலி வேலை செய்கிறான் என்று சொல்லிவிட்டார். சின்னவன் படிக்கிறான் என்று என்னையும் சேர்த்துவிட்டார். இதைப் பெருமையாகக் கடிதத்திலும் எழுதச் சொல்லியிருந்தார்: பிள்ளைகள் இரண்டு பேரையும் வீட்டுக் கணக்கில் விட்டுக்கொடுக்கவில்லை என்று. நம்மூரில் எத்தனை அப்பாக்கள் இப்படிச் சொன்னார்கள் என்று நீங்களே உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். பம்பாயில் மில்லுக்குப் போனவன், கோலாரில் சுரங்கத்துக்குப் போனவன், பெங்களூரில் ஷெட்டுக்கு வந்தவன், எல்லோரும் இன்னும் நம் வயல்களில் களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவராவது மகன் இருக்கிறான் என்று சொன்னார். அவன் இல்லை என்று நான் எழுதினேன்.

பெரிய பெரிய ஆட்கள் மேடையில் கேட்கிறார்கள்: தொழில் வருமானம் ஏறுகிறது, ஆனால் தொழிலில் இருக்கும் ஜனங்களின் பங்கு ஏன் ஏறவே மாட்டேன் என்கிறது, இது என்ன புதிர் என்று. ஒரு புதிரும் இல்லை ஐயா. டீக்கடைக்குப் போய்ப் பாருங்கள். எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்சம் பேர் நிச்சயம் அங்கே இருக்கிறார்கள்.

பாரத்தைத் திருத்த வேண்டும் என்று சூப்பிரண்டென்டிடம் போனேன். தங்கமான மனிதர். தன் பிள்ளைகளின் ஜாதகத்தைக்கூட என்னிடம் கொடுத்து நகல் எழுதச் சொல்வார். நான் சொன்னதைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார். கணக்கு முடிந்துவிட்டது, மேலே போய்விட்டது, அட்டவணை ஆகிவிட்டது என்றார். ஒருவர் கூடினால் வட்டத்தில் தெரியவா போகிறது என்றார். ஒருவர் இல்லை சார், ஒன்பது பேர், ஒரு ஷெட்டில் மட்டும் என்றேன். அதற்குப் பிறகுதான் சட்டத்தை எடுத்தார். கணக்கெடுப்புக்குக் கொடுத்த விவரம் ரகசியம், அதை வெளியே சொன்னால் சொன்னவன்தான் குற்றவாளி. என் வேலை தற்காலிகம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டுகிறார்கள் என்பதையும் நினைவுபடுத்தினார்.

பாருங்கள் எப்படி இருக்கிறது என்று. பொய் சொன்னவனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு. உண்மையைச் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும்.

வீட்டில் சொன்னேன். அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். பாதிச் சோறு பாயில் கிடந்தது. "நீ ஒண்ணும் எழுத வேணாம். ஊர்ல நம்மள யாருன்னு கேட்டா, தம்பி சர்க்கார் உத்தியோகம்னு சொல்லிக்கிறோம். அதையும் தொலச்சிடாத. எனக்கு வெரல்தான போச்சி" என்றான். அண்ணி பாயில் கிடந்த சோற்றை ஒன்றுசேர்த்துக்கொண்டே, அவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "எழுதுங்க தம்பி. அந்த மிஷின்ல இப்போ வேற ஒருத்தர் கைய வெக்கிறாரு."

மறுநாள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். கணக்கெடுத்தவனாக எழுதவில்லை. பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முனுசாமியின் தம்பி, அந்த ஷெட்டுக்குப் பின்னால் குடியிருப்பவன், தினமும் பதினெட்டுப் பேர் உள்ளே போவதைப் பார்த்து வந்தவன் என்று எழுதினேன். அப்படியும் விஷயம் எங்கள் அலுவலகத்துக்கு எட்டிவிட்டது. மெமோ வந்திருக்கிறது. பதில் சொல்ல ஏழு நாள். இதை நீங்கள் மலரில் படிக்கும்போது நான் அந்த மேஜையில் இருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

6

இன்ஸ்பெக்டர் சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஜீப்பில் வந்தார். மனுப்போட்டவன் கூட வர வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்ததால் நானும் போனேன். கோலார் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார்.

ஜீப் சந்து திரும்பும்போதே மூன்று தட்டு கேட்டுவிட்டது. மனிதர் இறங்கிக் குடையை எடுத்து, செருப்பைச் சரிசெய்து, உள்ளே வருவதற்குள் எட்டுப் பேர் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் இடத்துக்கு முதலாளி இன்னும் புது ஆள் எடுக்கவில்லை. அவன் பிரஸையும் அந்த எட்டுப் பேரில் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்பது பேர் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். துரைராஜ் நாற்காலி போட்டார்.

அண்ணன் உள்ளே இருப்பான் என்று நான் நினைக்கவே இல்லை. கட்டுப் பிரித்ததிலிருந்து அவன் தினமும் காலையில் ஷெட்டுக்குப் போய் ஏதாவது சின்ன வேலை கொடுங்கள் என்று நின்றுகொண்டிருந்தானாம். முதலாளி போனால் போகட்டும் என்று தகட்டுத் துண்டுகளைப் பெருக்க விட்டிருந்தார். எங்களிடம் சொல்லவில்லை. இப்போது கையில் துடைப்பத்தோடு, தன் பழைய பிரஸுக்குப் பக்கத்தில் நின்றான். வெளியே போகச் சொல்லி மேஸ்திரி கண்ணைக் காட்டினார். அவன் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் விரல் நீட்டி எண்ணினார். ஒன்பது வந்ததும் அண்ணனிடம் நின்றது. இவர் யார் என்று கேட்டார். சும்மா பெருக்க வந்தவர், இங்கே வேலை செய்கிறவர் இல்லை, மிஷின் தெரியாது என்றார் துரைராஜ்.

அண்ணன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பிரஸின் ஸ்டூலில் உட்கார்ந்தான். அதே மிஷின், அதே ஸ்பிரிங். இடது கையால் ஒரு தகட்டை எடுத்தான். மூன்று விரல் உள்ள வலது கையால் அச்சின் மேல் வைத்து, மூலையைச் சரி பார்த்தான். இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துக்கொண்டு மிதித்தான். கட்டை இறங்கி ஏறியது. அவன் கையை நீட்டவில்லை. காத்திருந்தான். கட்டை தானாக மறுபடியும் இறங்கியது. அது நின்ற பிறகுதான் மூடியை எடுத்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

"இந்த மிஷின் ரெண்டு தபா இறங்கும் சார். அது தெரிஞ்சவன்தான் இங்க வேலை செய்யறவன். நான்தான் பத்தாவது ஆளு."

ஷெட்டில் மற்ற மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. இன்ஸ்பெக்டர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த மிஷினைப் பார்த்தார். அண்ணனின் கையைப் பார்த்தார். உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். பெயர், தகப்பனார் பெயர், எத்தனை வருஷம். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் நின்றபடி பதில் சொன்னான். வேலையாட்கள் பத்து என்று எழுதி முடித்தார். ஷெட் இனி தொழிற்சாலை.

நான் டீக்கடைப் பக்கம் கை காட்டி, இன்னும் எட்டுப் பேர் அங்கே இருக்கிறார்கள் சார் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"பத்து போதும்பா. சட்டத்துக்குப் பத்து போதும்."

அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு இன்னும் நாலு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. எல்லா பிரஸ்களுக்கும் தடுப்பு மாட்ட வேண்டும், ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும் என்று உத்தரவு எழுதிக் கொடுத்தார். அதற்கு முப்பது நாள் அவகாசம். ஏன் முப்பது நாள் என்று கேட்டேன். விதிப்படி என்றார்.

ஜீப் போனதும் எட்டுப் பேரும் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அண்ணனைக் கடந்து போகும்போது ஒருவர், "என்னா முனுசாமி, பெரிய மனுசன் ஆயிட்ட, எங்க பன்னுல மண்ணப் போட்டுட்ட" என்றார். சிலர் சிரித்தார்கள். அவரவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். மோட்டார் ஓடியது. அண்ணனின் பழைய பிரஸில் உட்கார்ந்தவருக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள்.

அண்ணன் துடைப்பத்தை எடுக்கவில்லை. அந்த ஆளின் தோளருகே போய் நின்றுகொண்டான். அவர் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் "இரு" என்கிறான். இரண்டாவது அடி விழுந்ததும் "இப்ப எடு" என்கிறான். செவ்வாய்க்கிழமையிலிருந்து காலை முதல் மாலை வரை அங்கேயே நிற்கிறான். முப்பது நாளில் எட்டு நாள் போயிருக்கிறது. தடுப்பு வரும் வரை அந்த மிஷினுக்குத் தடுப்பு என் அண்ணன்தான்.